நூற்றொன்பதாம் சங்கீதத்தின் மெட்டு

தெய்வாத்தாளுக்கும் ஆத்தப்பனுக்கும் ஆகாது. அவிநாசிபாளையத்துச் சபையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்காருவார், அவள் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்காருவாள். நடுவில் ஆறடி நடைபாதைதான். அந்த ஆறடியை இருவரும் ஒன்பது வருடமாகத் தாண்டியதில்லை.

எண்பத்து நாலில் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரே நின்றபோது அவள் ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்தாள். மற்றவர்கள் கம்பெனி வாசலுக்கு வெளியே கோஷம் போட்டார்கள். அவளுக்குக் கோஷம் வராது. ஏழை கூப்பிட்டால் கடவுள் காது கொடுப்பார் என்று பைபிளில் வரும் ஒரு சங்கீதத்தை மெட்டுக் கட்டிப் பாடினாள். இந்துக்களும் சேர்ந்து பாடினார்கள். வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஆத்தப்பன் அவளை மட்டும் சேர்க்கவில்லை. மங்கலம் வரைக்கும் எல்லாக் கம்பெனியிலும் சொல்லி வைத்தார். ஒரு வருடம் ஒருவரும் அவளுக்கு வேலை தரவில்லை. புருசனில்லாதவள். குண்டடத்துக்குப் போய் மாமன் மகன் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கித்தான் அந்த வருடத்தைக் கழித்தாள்.

திரும்பி வந்தவளைச் சபையின் பழைய உபதேசியார் சங்கீதம் பாட நிறுத்தினார். அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுக்கு ஒரு சங்கீதம், முதலாவதிலிருந்து நூற்றைம்பது வரைக்கும், வரிசை மாறாமல். ஒரு வாரம் பாட முடியாமல் போனால் அது அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கும். எதையும் தாண்டிப் போவதில்லை. ஒரு சுற்று முடிய மூன்று வருடம் ஆகும். வேதத்தில் இருக்கிறபடி அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. தெய்வாத்தாள் நீள வாக்கியங்களை ஒடித்து, இரண்டு இரண்டு அடியாக்கி, நாற்று நடுகிறவர்களிடமும் கும்மியடிக்கிறவர்களிடமும் கேட்ட மெட்டுகளில் உட்கார வைப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் சொல்லித் தருவாள். ஞாயிறு காலையில் சபை முழுக்கப் பாடும். பிறகு வேலை கிடைத்த வேறொரு கம்பெனியில் அவளை 'ஏய், கைமடி' என்று கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் இருநூறு பேர் திறக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

தொண்ணூற்றிரண்டில் ஆத்தப்பனின் கட்டிங் மெசினில் ஒரு பெண்ணின் இரண்டு விரல் போயிற்று. அந்த ஞாயிறு தெய்வாத்தாள் முறைப்படி வர வேண்டிய சங்கீதத்தை விட்டுவிட்டு, ஏழையை நசுக்குகிறவனைப் பற்றிய ஒன்றைப் பாடினாள். பாடும்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை. சபையே திரும்பியது. சபைச் செயலாளர் ஆத்தப்பன்தான். மறுவாரமே கமிட்டியைக் கூட்டித் தீர்மானம் போட்டார். முறை வந்த சங்கீதத்தை முழுதாகப் பாட வேண்டும். வரிசையை மாற்றவோ, ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமையில்லை. மீறுகிறவர் அதற்கு மேல் பாடக்கூடாது. 'யாருக்கும்' என்ற சொல்லை அவரே சொல்லி எழுத வைத்தார்.

தொண்ணூற்று மூன்று டிசம்பரில் அவர் புது எக்ஸ்போர்ட் யூனிட் திறந்தார். முதல் பேரனும் பிறந்திருந்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை வைக்க முடிவாயிற்று. அன்றைக்கு எந்தச் சங்கீதம் என்று இரண்டு மாதம் முன்பே கேட்டார். புது உபதேசியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விரல் விட்டு எண்ணி, நூற்றுப்பத்து என்றார். பகைவர்கள் காலுக்குக் கீழே மணையாகக் கிடப்பார்கள் என்று வருவது. ஆத்தப்பன் நடைபாதைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சிரித்தார்.

"ஏனுங்க, நல்லாப் பொருந்துதுங்க. அதையே பாடச் சொல்லுங்க. நல்லாக் கத்திப் பாடச் சொல்லுங்க."

நவம்பரில் அவரே கோயமுத்தூரிலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கீபோர்டுடன் அழைத்து வந்தார். பிரசங்கம் இரண்டு மணி நேரம் போயிற்று. "இன்னைக்கிச் சங்கீதம் வேண்டாமுங்க, நேரமாச்சு" என்று எழுந்து நின்று சொன்னவரும் அவர்தான். வரிசை ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. தெய்வாத்தாளைத் தவிர ஒருவரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

அவள் வாய் திறக்கவில்லை. நூற்றுப்பத்துக்கு முந்தியது நூற்றொன்பது; விசேச ஞாயிற்றுக்கு இனி அதுதான் முறை. அதன் நடுவெல்லாம் சாபம். முந்தைய இரண்டு சுற்றிலும் மெட்டு அமையவில்லை என்று சொல்லி பழைய உபதேசியாரை முணுமுணுவென்று வாசித்து முடிக்க விட்டிருந்தாள். இந்த முறை மெட்டுக் கட்டினாள். பக்கத்தில் கைமடிக்கும் நஞ்சம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏனக்கா, சாபம்னா அழுவாச்சியா இருக்கோணுமல்ல? நீ என்ன கும்மியாட்டம் பாடறே?"

"அழுது பாடுனா நாந்தான் தோத்தவ கண்ணு."

சனிக்கிழமை பயிற்சியில் இரண்டு அடி கேட்டதும் உபதேசியார் வேதத்தைப் புரட்டினார். வியர்த்துவிட்டது.

"என்னம்மா இது? நாளைக்கி இதையா பாடப் போறீய? வேண்டாம்மா, நான் வாசிச்சிருதேன்."

"பாடோணும்னு தீர்மானம் இருக்குதுங்க."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அரைமணியில் ஆத்தப்பனின் கார் வந்து நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் நடைபாதையைத் தாண்டினார்.

"ஏம்புள்ள, என்ற விசேசத்துல எனக்கே சாபம் வுடறயா?"

"நானா வரிசை போட்டனுங்க? நவம்பர்ல நீங்க ஒரு வாரம் நிறுத்துனீங்க. அது நாளைக்கி வந்து நிக்குது."

"அப்பவே சொல்றதுக்கு உன்ற வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீங்க எங்கிட்டக் கேக்கலீங்களே."

"தாண்டிப் போ. அடுத்தத எடு."

"எடுக்கறனுங்க. நாளைக்கிச் சபையில எந்திரிச்சு, தீர்மானத்த நானே மீறுறேன்னு நீங்க சொல்லிப் போடுங்க. எடுக்கறேன்."

நாளைக்குத் திருப்பூர் முதலாளிகள் வருகிறார்கள். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். ஒரு கைமடி வேலைக்காரிக்காகத் தன் தீர்மானத்தைத் தானே மீறியதாக அவர்கள் முன் சொல்ல ஆத்தப்பனால் முடியாது. அவளுக்கும் அது தெரியும்.

"பாடு. ஒரு வரி தப்பட்டும், அப்பறம் இருக்குது உனக்கு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் பெஞ்சு போதாமல் வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். தெய்வாத்தாள் எழுந்தாள். முதல் அடியிலேயே பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அவனுடைய நாட்கள் சுருங்கட்டும், அவன் பதவியில் வேறொருவன் உட்காரட்டும் என்று சபை அவளுக்குப் பின்னால் துள்ளலாகப் பாடியது. சொல் புரியாத வடநாட்டு ஏஜண்டு ஒருவர் தலையாட்டித் தாளம் போட்டார். சொல் புரிந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். ஆத்தப்பன் வேதத்தை மடியில் விரித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தொடர்ந்து கொண்டிருந்தார்.

அடுத்தது பிள்ளைகளைப் பற்றிய அடி. அவன் பிள்ளைகள் தகப்பனில்லாமல் வாசல் வாசலாய்ப் பிச்சை கேட்கட்டும் என்பது. அதற்குத்தான் அவள் மெட்டில் மேலே ஏறும் இடம் வைத்திருந்தாள். மூச்சை இழுத்தவள் எதிரே பார்த்தாள். ஆத்தப்பனின் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அது கைதட்டல் சத்தத்துக்கு விழித்து, தெய்வாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அடியை விட்டுவிட்டு அதற்கடுத்த அடிக்குப் போனாள். சபை ஒரு நொடி தடுமாறி, பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஆத்தப்பனின் விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

விருந்துக்கு எல்லோரும் பந்தலுக்குப் போனபின் அவர் அவளைக் கோயில் வாசலில் மறித்தார். அவள் அவர் முகத்தில் நன்றி போல ஏதோ எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு படி இறங்கி நின்றாள்.

"அந்த வரிய ஏன் வுட்டே?"

"மறந்துட்டனுங்க."

"பொய் பேசாத. எனக்கு வுட்ட சாபத்த நான் வாங்கிக்குவேன். என்ற பேரனுக்கு நீ பிச்ச போடறயா? உன்ற தயவுல அவன் பொழைக்கோணுமா?" அவரும் ஒரு படி இறங்கி வந்தார். கோபத்தில்தான். "ஒரு வரி கொறைச்சுட்டே. தீர்மானம் தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

புதன்கிழமை கமிட்டி கூடியது. வரி விட்டாயா என்று உபதேசியார் கேட்டார். விட்டேன் என்றாள். ஏன் என்று அவர் கேட்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. இனி அவள் பாடக்கூடாது என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நூற்றுப்பத்தின் முறை. ஆத்தப்பன் ஆசைப்பட்டது. மெட்டுச் சொல்ல ஆளில்லை. கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த கீபோர்டுக்காரர் ஏதோ வாசித்தார், அதில் சொற்கள் உட்காரவில்லை. கடைசியில் ஆத்தப்பனே எழுந்து, பகைவர் காலுக்கு மணையாவதை எழுத்துக் கூட்டி வாசித்தார். அவருக்குப் பின்னால் யாரும் வாய் திறக்கவில்லை.

தெய்வாத்தாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சங்கீதத்துக்கு மெட்டு அவளிடம் இருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.