முனிக்கு வைத்த தழை

கூலிம் நகரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குணசுந்தரி அக்கா எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ஓய்வு நாள் வந்தால், கணவர் புவனேசன் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் ஏறி ஜெராய் மலைக்குப் போய்விடுவார். மூடுபனி கலைவதற்குள் காட்டுப் பூக்களைப் படம் பிடிக்க வேண்டும். பூவைத் தொடவே மாட்டார்.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பச்சைத் தழையை ஒடித்து மரத்தடியில் வைப்பார். "முனியாண்டி, போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார். பால்மரம் சீவப் போன அவர் அம்மாவும் அப்படித்தான் செய்வாராம்.

சென்ற ஆண்டு, அவர் படம் பிடித்த ஓர்க்கிட் செடிகள் காணாமல் போகத் தொடங்கின. மறுமுறை போனால் குழிதான் இருக்கும். விற்பதற்காக யாரோ வேரோடு பெயர்த்துப் போனார்கள்.

"பேஸ்புக்ல போடாத லா. நீயே திருடனுக்கு வழி காட்டுற" என்றார் அண்ணன்.

அக்கா நிறுத்திவிட்டார். குழிகள் நிற்கவில்லை.

"அப்ப உன் கண்ணு பட்டுதான். நல்லவேளை, என்னைய நீ படம் புடிக்கிறதில்ல" என்றார் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. பாறை இடுக்கில் ஓர் ஓர்க்கிட் மொட்டு விட்டிருந்தது. பூத்தால் சப்பாத்துக் காலணிபோல் பை தொங்கும் வகை. அந்த மலையில் அவ்வகையில் அவர் கண்ட ஒரே செடி. அது விரிவதை ஒருமுறையாவது படமாக்க வேண்டும் என்பதே அவர் நினைப்பெல்லாம்.

போன மாதம் அண்ணனைச் சாலையோரக் கடையில் தேத்தண்ணியோடு விட்டுவிட்டு, தழை வைத்து, தனியாக இறங்கினார். மொட்டு இன்னும் மூடியே இருந்தது. அதை ஒரு படம் எடுத்தபோது மேலே ஒரு மோட்டார் வந்து நின்றது. அண்ணனுடையது அல்ல.

"இங்க பாரு, அந்தப் பொம்பள தழை வச்சிருக்கா. பச்சையாதான் இருக்கு."

"அப்ப உள்ளதான் இருக்கு செடி."

இத்தனை நாளும் திருடர்களுக்கு வழி காட்டியது தன் தழைதான் என்று அக்காவுக்குப் புரிந்தது. சருகை அள்ளி மொட்டை மூடினார். பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார். காலடிகள் நெருங்கி வந்தன, தடுமாறின, திரும்பின.

"ஒன்னும் தெரியல. பனி இல்லாத நாளா வருவோம்."

அவர்கள் போனதும் அக்கா மேலேறி, அந்தத் தழையை எடுத்துப்போய் வெறும் மண்மேடான வேறொரு சாலை வளைவில் வைத்தார். அப்போது முனியாண்டியின் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அடுத்த வாரம் அக்காவும் அண்ணனுமாகப் போனார்கள். அந்த மண்மேடு முழுவதும் கொத்தப்பட்டுக் கிடந்தது. அக்காவின் காய்ந்த தழை அங்கேயே இருந்தது. அதன்மேல் புதிதாக ஒடித்த தழை ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ ஏமாத்துனது அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏறு, போவோம்."

பனிக்குள் எங்கோ ஒரு மோட்டார் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. இப்போது பாறைப் பக்கம் போனால், அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் ஆகும். அந்தத் திசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்கா வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் மலைக்குப் போகவில்லை. மொட்டு இந்நேரம் விரிந்திருக்கும். அவர் போனில் இருப்பது மூடிய மொட்டின் படம் மட்டும்தான்.