ஒன்றரை ஜெப நீள ஓடுபாதை

சரக்கு விமானம் ஓட்டுகிறவள் எந்தச் சத்தத்தையும் சும்மா விடமாட்டாள். சற்று முன் எங்கள் பால்கனி மணி ஒருமுறை அடித்தது. தெருவில் தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் பசுந்தாங் பேட்டை மாடி வீடுகளில் அதுதான் அழைப்புமணி. ஆனால் இருட்டிய பின் யாரும் இழுப்பதில்லை. எட்டிப் பார்த்தேன். மழைதான். கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கணவர் கப்பலில். பிரசவ விடுப்பு முடிந்து நாளை நான் பறக்க வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள இதே ஊரின் பபேடான் பேட்டையிலிருந்து வரவேண்டிய மதினி இன்னும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவர் வராவிட்டால் நாளை போக முடியாது. அப்புறம் எப்போதுமே முடியாதோ என்று பயம். பிள்ளையை விட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களே, தூக்கம் வராமல் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

ஆமென்

காலி விமானம் சிட்டுக்குருவி. நெடுந்தூரத்துக்கு எரிபொருளும் சரக்கும் நிரப்பினால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுபாதையின் முடிவு விளக்குகள் நெருங்கும், சக்கரம் தரையை விடாது. கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை முணுமுணுப்பேன். காலியென்றால் பாதி ஜெபத்தில் எழும்பிவிடுவோம். முதல் முழுச் சுமையன்று ஜெபம் முடிந்து, மறுபடி ஆரம்பித்தும் தரையில்தான் இருந்தோம். மேலே ஏறியதும் கேப்டன், பினாங்குத் தமிழர், சொன்னார்: "அடுத்த தடவ மெதுவா ஜெபிம்மா. நீ முடிச்சிட்டியேன்னு எனக்குப் பயமாயிருச்சு."

குதிரைப் பயணி

ஒருமுறை பந்தயக் குதிரை ஏற்றினோம். திரும்புவதும் இறங்குவதும் பூப்போல இருக்க வேண்டும். நான்தான் இறக்கினேன். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. பாராட்டை எதிர்பார்த்துப் பின்னால் போனால், குதிரைக்காரர் உதட்டில் விரலை வைத்தார்: "இப்பத்தான் தூங்குது. இன்னொரு சுத்து சுத்திட்டு வரலாமா?"

விட்டுப்போன எடை

முழுச் சுமையோடு உடனே உயரத்துக்குப் போக முடியாது. எரிபொருள் எரிய எரியப் படிப்படியாகத்தான் ஏறுவோம். அதுவரை மேகத்துக்குள் குலுங்க வேண்டியதுதான். ஒருநாள் அந்தக் குலுக்கலில் எனக்குக் குமட்டியது. அதற்கு முன் அப்படி ஆனதேயில்லை. பாப்பா வயிற்றில் இருப்பது எனக்கே தெரியாத நேரம். அதே கேப்டன், நாலு பிள்ளைக்குத் தகப்பன், என் முகத்தைப் பார்த்தார்: "எடைக் கணக்குல ஒரு ஆள விட்டுட்டோம் போலிருக்கே!"

மறுபடி மணி

இப்போது மணி மறுபடி அடித்தது. பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேர்கீழே குனிந்து பார்த்தேன். நனைந்த லோன்ஜிக் கைலியும் மூட்டையுமாக மதினி! மணிக் கயிற்றை மேலே இழுத்து, படிக்கட்டு கேட்டின் சாவியை அதன் நுனிக் கிளிப்பில் மாட்டி இறக்கினேன். பஸ் தண்ணீரில் நின்றுவிட, நடந்தே வந்திருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. முதலில் மணியை இழுத்துவிட்டு டீக்கடைக் கூரைக்கடியில் ஒதுங்கியிருக்கிறார்.

"எட்டிப் பார்த்தியே, நான் கத்துனது கேக்கலையா?"

"மழை, மதினி."

"கீழேயும் கொஞ்சம் பாருடி, பைலட்டம்மா!" என்று பாப்பாவை வாங்கிக்கொண்டார்.

டன் டன்னாக வானத்துக்குத் தூக்குகிறேன் என்று பெயர்தான், மதினி உள்ளேயிருந்து வீட்டுத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் நாளை என்னால் தரையை விட்டு எழும்பவே முடியும்.