துவைத்துக் கொடுத்த துணி

போன வருட ஐப்பசி மழையில் நடந்தது இது. கைலாசபுரத்தில், என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருக்கிறோம். இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூத்தவள் எல்.கே.ஜி. இவர்கள் இருவருக்கும் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்தது ஜில்லு என்ற சாம்பல் நிறப் பூனை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, என் வயிற்றை ஒட்டிப் படுத்துத்தான் தூங்கும்.

ஒருநாள் மாலை, திருவானைக்காவலில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் நனைந்து நடுங்கிய ஒரு பூனைக்குட்டியை, கணவர் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"கைக்குழந்தை இருக்கிற வீட்டுல இன்னொண்ணா?" என்றேன்.

"மழை விடட்டும், பார்த்துக்கலாம்" என்றார். அதற்குள் மூத்தவள் துண்டோடு வந்து நின்றாள்.

எனக்கு எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். போனில் தேடினேன். புதுப் பூனையைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். ஒன்று படுத்த துணியை மற்றதற்குப் போட்டு வாசனையைப் பழக்க வேண்டும். பிறகுதான் நேரில் காட்ட வேண்டும் என்றிருந்தது. படுக்கையறையில் பாப்பாவின் தூளி. மிச்சம் இருந்தது ஜில்லு படுக்கும் சாமான் அறைதான். குட்டியை அங்கே விட்டேன். துணிகளையும் மாற்றிப் போட்டேன்.

ஜில்லு அந்தத் துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்து உறுமியது. சாப்பாட்டை விட்டது. கொல்லையில் துவைக்கிற கல் மேல், சாரலில் நனைந்தபடி உட்கார்ந்துகொண்டது. தூக்கி வந்தால் பிறாண்டிவிட்டு மறுபடி அங்கேயே போனது.

"எங்க வீட்டுதும் இப்படித்தான் கோவிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறம் வரவேயில்லைங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குட்டியை மழையில் விட மனமில்லை. ஜில்லு போய்விட்டால் தாங்க முடியாது. நான் செய்ததில் எது தப்பு என்று திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாமே சரியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் வழியே மூத்தவளின் குரல் கேட்டது. ஜில்லுவுக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னையும் வெளியில படுக்கச் சொல்லிட்டாங்களா? பாப்பா வந்தா அப்படித்தான். எனக்குச் சளின்னு என்னையும் ஹால்ல படுக்க வச்சாங்கல்ல? அழக்கூடாது. கை கழுவிட்டுப் போனா தொட விடுவாங்க. ஆனா டெட்டால் போட்டுக் கழுவணும்."

என் கை நின்றுவிட்டது. டெட்டால்! மாற்றிப் போடும் முன் அந்த இரண்டு துணிகளையும் நான் டெட்டாலில் அலசி, ஃபேனுக்கடியில் காயவைத்து, மடித்தல்லவா கொடுத்தேன். பாப்பா பிறந்ததிலிருந்து எதைக் கண்டாலும் அதில் முக்குவது என் கைப்பழக்கமாகியிருந்தது.

கணவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஆஸ்பத்திரின்னு நினைச்சிருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவளை உள்ளே கூப்பிட்டு, ஈரக் கவுனைக் கழற்றித் தலையைத் துவட்டினேன். தூளியிலிருந்து பாப்பாவை எடுத்தபோது, "நான் கை கழுவலைம்மா" என்றாள் பின்னால் நகர்ந்து. "பரவாயில்லை, வா" என்று அவளை மடியில் இருத்தி, அவள் மடியில் பாப்பாவை வைத்தேன். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜில்லுவின் முடி ஒட்டியிருந்த அந்தக் கவுனைத் துவைக்காமலே உலர்த்திக் குட்டிக்கு விரித்தேன். குட்டி படுத்த துண்டை அப்படியே ஜில்லுவின் தட்டருகே போட்டேன். சாமான் அறையை ஜில்லுவுக்கே திருப்பிக் கொடுத்தோம். குட்டிக்குக் குளியலறை. யார் குளிக்கப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பது கணவர் வேலை.

பசி தாங்காமல் தட்டுக்கு வந்த ஜில்லு முதலில் துண்டை முகர்ந்து சீறியது. பிறகு தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பார்த்தால், அதன் மேல் படுத்துத் தூங்குகிறது.

இப்போதும் குட்டி ஜில்லுவின் வாலை இழுத்து அறை வாங்கும். மழை வந்தால் மட்டும் இரண்டும் ஒரே சாக்கில் சுருண்டுகொள்ளும். டெட்டால் பாட்டிலை இன்னும் நான் தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் வாளியில் ஊற்றும் முன், மூத்தவளின் கவுனை ஒருமுறை முகத்தில் வைத்து முகர்ந்துகொள்கிறேன். அந்த வாசனையை நான் எத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வருகிறது.