குனி என்றால் வேலை

பேச்சியம்மாள் இறந்த செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டும் அப்பாஸ் கூப்பிட்டார். "அண்ணே, பேச்சி அக்கா போயிருச்சுண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம், அவ்வளவுதான். நேத்தே எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒங்க நம்பரத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள..." என்று நிறுத்தினார். நம்பரை மாற்றியவன் நான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சென்னையில் அப்போது பக்கத்தில் இருந்த சினிமா நண்பரிடம், பேச்சியம்மாள் போய்விட்டார் என்றேன். "யாரு?" என்றார். அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை.

அவரை அறிந்தவர்கள், அவர் ஊரான சிலமலையிலிருந்து அதே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள்தான். அவர்களுக்காகவும் அவர் நடித்த படத்தைப் பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படம் போர்க்காலத்து மலேயாவைப் பற்றியது. வெள்ளைக்காரத் துரை ஓடிவிடுகிறான், ஜப்பான் படை தோட்டத்தைப் பிடிக்கிறது, கூலித் தமிழர்கள் எதிர்க்கிறார்கள். வசனம் நான். ரப்பர் தோட்டம் தேடிப் போக வசதியில்லாமல் போடி மலையிலேயே ஓர் ஏலத் தோட்டத்தைப் பிடித்து, கதையையும் ஏலத் தோட்டமாக்கிவிட்டோம். கூலிகளாக நடிக்க நிஜமாகவே காய் எடுக்கும் பெண்கள் முப்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் உண்டு. அடேயப்பா, என்ன வாய் அது!

முதல் நாள் நான் கதை சொன்னபோது குறுக்கே கேட்டார்: "தொரை ஓடிட்டான், சரி. அந்தக் கிராணி ஓடிட்டானா, இருக்கானா?" கிராணி என்பவன் கூலிகளை விரட்டி வேலை வாங்கும் தோட்டத்துக் குமாஸ்தா. இருக்கிறான், இப்போது ஜப்பான்காரனுக்குச் சலாம் போடுகிறான் என்றேன். "அப்ப எங்களுக்கு என்ன மாறுச்சு? மேல இருக்கவன் தொப்பிதான மாறுச்சு!" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் பெரிய காட்சி. ஜப்பான் அதிகாரி வரும்போது கூலிகள் எல்லோரும் தலை குனிய வேண்டும். கதாநாயகி மட்டும் நிமிர்ந்து நின்று நான் எழுதிய ஒரு பக்க வசனத்தைப் பேசுவாள். உதவி இயக்குநர், "எல்லாரும் குனிங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான். முப்பது பேரும் சட்டென்று செடியடியில் உட்கார்ந்து காய் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏலம் மண்ணை ஒட்டித் தூரில் காய்ப்பது. அந்த மலையில் காலையில் 'குனிங்க' என்று குரல் கொடுத்தால் வேலையைத் தொடங்கு என்று அர்த்தம். அதிகாரியாக நடித்தவர், வணக்கம் சொல்ல ஒரு தலைகூட இல்லாமல், பூட்ஸ் காலோடு திருதிருவென்று விழித்தார். இயக்குநர் கோபத்தில் குதித்தார். பேச்சியம்மாள் கையை நிறுத்தாமலே சொன்னார்: "குனின்னா எங்களுக்குச் சோலி, அப்பு. கும்பிடுறதுக்குன்னா வேற சொல்லு சொல்லுங்க."

இயக்குநர் கேமரா வழியாக ஒருமுறை பார்த்தார். பிறகு, "இதையே வெச்சுக்கலாம்" என்றார். என் ஒரு பக்க வசனம் குப்பைக்குப் போயிற்று.

படம் வந்ததும் ஊரே கொண்டாடியது அந்தக் காட்சியைத்தான். வசனமே இல்லாமல் எதிர்ப்பை எழுதியவர் என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு பேட்டியில், "சின்ன வயசுல எங்க ஊர்த் தோட்டத்துல நானே அனுபவிச்சது" என்று சொன்னேன். பச்சைப் பொய். சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடக் குழறவில்லை.

செய்தி கேட்டபின் சிலமலைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ராசாத்தியும் படத்தில் இருந்தவர். "எங்க அக்கா போட்டோ ஒன்னுகூட இல்ல. படத்துல இருக்குமே, காட்டுங்கண்ணே" என்றார். போனில் அந்தக் காட்சியை ஓடவிட்டேன். முப்பது முக்காடு, முப்பது குனிந்த தலை. ஒரு முகமும் தெரியவில்லை. நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். "நான் எதுன்னே எனக்குத் தெரியலையே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். பூட்டிய வீட்டின் முன்னால் நான் மட்டும் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. யாரிடம் அழுவது என்று தெரியவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆறு மாதத்துக்கு முன், போடி பஸ் நிலையத்தில். அந்தப் பேட்டியை அப்பாஸின் போனில் பார்த்திருக்கிறார். "நல்லாத்தான் பேசுன அப்பு. சட்டைகூட எடுப்பா இருந்துச்சு" என்றார். "அக்கா, அடுத்த கூட்டத்துல ஒங்க பேரச் சொல்லிடறேன்" என்றேன்.

"பேரு கெடக்கட்டும். நீ எந்தத் தோட்டத்துல காய் எடுத்த?"

குத்தலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அதன்பின் மூன்று கூட்டங்களில் பேசினேன். மூன்றிலும் அவர் பெயர் தொண்டை வரை வந்தது. கைதட்டலைக் கேட்டதும் விழுங்கிவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அந்தக் காட்சி உங்களுடையது, பேச்சி அக்கா. நான் எந்தத் தோட்டத்திலும் காய் எடுத்ததில்லை.