உமாபதி வேகவைத்த கல்

திருப்பதியில் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜுகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது உமாபதியின் வேலை. சொந்த ஊர் பாலசமுத்திரம். அப்பாவும் அம்மாவும் மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். ஐடிஐ முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் அவர் கடலையே பார்த்தார். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது கடல் அல்ல, ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் இருந்த உப்புநீர்த் தொட்டி. லிஃப்டைச் சரிசெய்துவிட்டு அதன் முன்னால் நின்றுவிடுவார். பாறைமேல் விரல்விரலாக ஏதோ அசையும். அதற்குள் ஆரஞ்சு நிற மீன் ஒன்று படுத்துப் புரளும்.

வீட்டிலும் அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றார். ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பு கலந்து, அளந்து, பாறைகளை அடுக்கி, மீன் எதுவும் விடாமல் ஆறு வாரம் காத்திருந்தார். தண்ணீர் பக்குவப்படும் முன் மீனை விட்டால் செத்துவிடும். மே மாத வெயிலில் தொட்டி சூடேறாமலிருக்க மேலே இரண்டு சின்ன ஃபேன், அவற்றுக்கு ஒரு இன்வெர்ட்டர்.

"கரண்டு போனா நானும் பொண்ணும் வேர்த்துக்கினு கெடக்கிறோம், உன் மீனுக்கு மட்டும் ஃபேன் ஓடிக்கினு கீது" என்பாள் மனைவி மோனிகா. சொல்லிவிட்டு அவளே போய், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவாள். மோனிகா நகரிக்காரி. பவர்லூம் பஞ்சுத் தூசிக்குள் வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு.

மூன்றாம் வருடம் சென்னையில் ஒருவர் தன் தொட்டியைக் கலைத்தபோது சில பாறைகளை உமாபதிக்குக் கொடுத்தார். ஒரு கல்லில் பழுப்பு நிறத்தில் பட்டன் பட்டனாக ஏதோ ஒட்டியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் அது பரவி மற்ற உயிர்களை மூடத் தொடங்கியது. வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டார். "கல்லை வெளியே எடுத்து வேகவைத்துவிடுங்கள், எல்லாம் செத்துவிடும்" என்று ஒருவர் எழுதினார். "கையுறை போட்டுக்கொள்ளுங்கள்" என்று இன்னொருவர். அவ்வளவுதான்.

தசரா விடுமுறை. ஒன்பது வயது மகள் சந்தியா நகரியில் தாத்தா வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே நல்ல மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். உமாபதி கையுறை போட்டுக்கொண்டு, கல்லை ஒரு பழைய குண்டானில் போட்டு அடுப்பில் ஏற்றினார். மோனிகா பக்கத்து அறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நாத்தம் இது? தொண்டையெல்லாம் கமறுது."

"கடல் வாசனதான். கொஞ்ச நேரத்துல போயிடும்."

அரை மணி நேரம் கொதித்தது.

மதியம் சாப்பிடும்போது சோறு இரும்பைக் கடித்த மாதிரி கசந்தது. மூன்று மணிக்கு இருவருக்கும் குளிர் தூக்கிப் போட்டது. மோனிகா இன்ஹேலரை இழுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் நாகபூஷணம் தெலுங்கில் கேட்டார்: என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போய் வந்தீர்கள், வேறு யாருக்காவது காய்ச்சலா? உமாபதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கல்லைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவு அவரை வார்டிலும் மோனிகாவை ஐசியூவிலும் சேர்த்தார்கள்.

மறுநாள் காலையில்தான், இருவருக்கும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று யோசித்தார். படுத்தபடியே செல்போனில் தேடினார். கல்லில் ஒட்டியிருந்த அந்தப் பட்டன் உயிர்களில் கொடிய விஷம் இருக்கலாம், கொதிக்கவைத்தால் அது ஆவியில் கலந்து நுரையீரலுக்குள் போகும் என்று இருந்தது. டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஐசியூவுக்கு நடந்தார். டாக்டர் கேட்டுவிட்டு யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, இதற்கு முறிவு மருந்து இல்லை, நேற்றே சொல்லியிருந்தாலும் ஆக்ஸிஜனும் வெண்டிலேட்டரும்தான் வைத்திருப்பேன் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று உமாபதிக்கு இன்றுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் மோனிகா இறந்துபோனாள். விஷத்தை உறுதிசெய்யச் சோதனை இல்லாததால், மருத்துவமனைக் காகிதத்தில் நுரையீரல் தொற்று என்று எழுதியிருந்தது.

காரியம் நகரியில் நடந்தது. மாமனார் துலுக்காணம் வந்தவர்களிடமெல்லாம் ஏதோ புதுக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு மருமகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ பொழச்சு வந்தியே, அதே போதும் மாப்ளே. பொண்ணுக்கு நீயாவது கீறியே."

பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க யாரும் இல்லை. உமாபதி சொன்னார்.

"காய்ச்சல் இல்ல மாமா. தொட்டியில இருந்த கல்ல நான் வேக வச்சேன். அந்த ஆவியில விஷம் இருந்துது."

துலுக்காணம் அவர் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னா நாத்தம்னு கேட்டா. கடல் வாசனன்னு சொன்னேன்."

கிழவர் எழுந்து தறிக் கொட்டகைக்குள் போய்விட்டார். மறுநாள் காலையில் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பொண்ணு இங்கதான் இருப்பா. பெரியவளானதும் அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

உமாபதி மகளின் டிசியை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பினார். வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தார். மீன்கள் பசியோடு கண்ணாடிக்கு வந்தன. அவற்றை லாட்ஜ் தொட்டிக்குக் கொடுத்தார். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மீதிக் கற்களை மொட்டைமாடியில் பிளீச்சிங் கரைசலில் நாள்கணக்கில் ஊறப்போட்டார். முன்பே அப்படிச் செய்திருக்கலாம் என்று எண்ணாத நாள் இல்லை.

வாட்ஸ்ஆப் குழுவை விட்டு மட்டும் அவர் விலகவில்லை. யாராவது கல்லை வேகவைக்கிறேன் என்று எழுதினால் நம்பர் தேடி உடனே போன் செய்வார். சித்தூரில் ரகு என்பவர் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் போனை எடுத்தார்.

"நீங்க யாரு சார்? இன்னாத்துக்கு இப்படிப் பயமுறுத்துறீங்க?"

"எம் பொண்டாட்டி செத்துட்டா சார். அடுப்ப அணைச்சுட்டு எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு போங்க."

அணைத்தார். மறுநாள் நன்றி சொல்லக் கூப்பிட்டார். உமாபதி எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் நகரிக்குப் போவார். துலுக்காணம் தட்டில் சோறு போட்டு வைப்பார், பேசமாட்டார். சந்தியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு நாள் அவளே கேட்டாள்: "அம்மாவுக்கு இன்னா ஆச்சு நைனா? தாத்தாவைக் கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றாரு."

அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசிவரை கேட்டுவிட்டுச் சந்தியா எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வெளியே வரவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு உமாபதி பஸ் ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.