பதினொரு நாள் விழுந்த கோடு

பிப்ரவரி பதினேழாம் தேதியிலிருந்து நீலவ்வா யாருக்கும் வெறும் நகல் தருவதில்லை.

"எதுக்கு?" என்று முதலில் கேட்கிறார். அடையாள அட்டையைக் கையில் வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறார். கதக் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் நாலாவதாக அவருடைய ஜெராக்ஸ் கடை. காலை பத்து மணிக்கு முன்னால் பதினைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்போதும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி உண்டு. வருமானச் சான்றிதழுக்கு என்று பதில் வந்தால், மெஷின் துப்பிய தாள் சூடு ஆறுவதற்குள் அதன்மேல் ஸ்கேலை வைத்து, முகத்தில் படாமல் எண்ணுக்குக் குறுக்கே இரண்டு சாய்வுக் கோடுகள் இழுக்கிறார். நடுவில் நீல மையில் எழுதுகிறார்: வருமானச் சான்றிதழுக்கு மட்டும். பக்கத்தில் தேதி. பிறகு பேனாவை நீட்டி, "கையெழுத்து. கோட்டு மேலயே போடு" என்கிறார். நகல் இரண்டு ரூபாய். கோட்டுக்குக் கூலி கிடையாது.

"எதுக்குன்னு உனக்கு எதுக்கு?" என்று எகிறியவர்கள் உண்டு.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா. இந்தப் பேப்பருக்குத் தெரியணும்."

ஒரு நாள் மீசை வைத்த ஆள் ஒருவர் குனிந்து, காதோடு காதாக, லாட்ஜுக்கு என்றார். நீலவ்வா தலை நிமிராமல், எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "லாட்ஜ்... ரூமுக்கு... மட்டும்." வரிசை சிரித்தது. "ஒரு நாளா, ரெண்டு நாளா? அதையும் போட்டுடறேன்." அந்த ஆள் மீதிச் சில்லறையை வாங்காமல் போனார். மறுநாள் நீலவ்வா அந்த எட்டு ரூபாயை ஒரு கவரில் போட்டு, அதன்மேல் 'லாட்ஜ்' என்று எழுதி வைத்தார். இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.

வயது நாற்பத்தாறு. நெற்றியில் மூன்று விரல் விபூதி, இடுப்பில் செருகிய இல்கல் சேலை முந்தானை, டோனர் ஏறிக் கறுத்த வலது கட்டைவிரல். பேச்சில் அவசரம், கையில் அவசரமே இல்லை. யாராவது தன் போனுக்கு வந்த ரகசிய எண்ணை ஊருக்கே கேட்கும்படி "நாலு... ஏழு... ஏழு..." என்று படிக்கத் தொடங்கினால் மேஜையில் ஸ்கேலால் ஓர் அடி விழும். "மனசுக்குள்ள படி! ஏலமா போடறே?" அச்செடுக்கச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பும் கோப்புகளை வேலை முடிந்ததும் அனுப்பியவரின் கண்முன்னாலேயே அழிக்கிறார். அழித்த பிறகு திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். "பார்த்துக்கோ. போயிடுச்சு." மெஷின் கண்ணாடியின்மேல் மறந்துவிட்டுப் போகும் அசல் அட்டைகளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. சாயங்காலம் ஐந்து மணிக்கு டப்பாவைத் திறந்து ஒவ்வொருவரையும் தேடிப் போன் போடுகிறார். எடுத்ததும் வசவுதான். "உன் அட்டை இங்க கிடக்கு. நீ எங்க கிடக்கே?"

கெட்டுப்போன நகல்களின் கதை தனி. கோணலாக விழுந்தது, பாதி வெளுத்தது எல்லாவற்றையும் நாலாகக் கிழித்து, மேஜைக்கடியில் இருக்கும் பக்கெட் தண்ணீரில் போடுகிறார். இரண்டு நாளில் அது சாம்பல் நிறக் கூழாகிவிடும். அதைப் பிழிந்து உருட்டிக் கடையின் பின்சுவரில் தட்டிக் காயவைக்கிறார். வெந்நீர் அடுப்புக்கு ஆகிறதாம். தாலுகா ஆபீஸ் பியூன் ஈரண்ணா தினமும் எட்டிப் பார்த்து ஒரு விசாரணை செய்வார்.

"நீலக்கா, இன்னைக்கு யார் யாரை வறட்டி தட்டினீங்க?"

"நீ தப்பா எடுத்துட்டு வந்த சுற்றறிக்கை நாலு. உங்க ஆபீசர் நல்லா எரிவார்."

பிப்ரவரிக்கு முன்பு பக்கெட்டும் கிடையாது, வறட்டியும் கிடையாது. கெட்ட நகல்களைக் கட்டாகக் கட்டி, பக்கத்தில் வண்டி போட்டிருக்கும் மாபுசாப்பிடம் கொடுத்துவிடுவார். பொரியில் வெங்காயமும் புளிமசாலாவும் பொட்டுக்கடலை மாவும் பிசைந்து, தாளில் குவித்து, மேலே ஒரு மிளகாய் பஜ்ஜி வைத்துத் தருவது மாபுசாப்பின் தொழில். அந்தக் கிர்மிட்டுக்குத் தாள் வேண்டும். பேப்பர் கட்டுக்கு மாற்றாக, நாலு மணிக்கு நீலவ்வாவுக்கு ஒரு கிர்மிட். பன்னிரண்டு வருஷ ஏற்பாடு. இருவருக்கும் அது வியாபாரமாகத் தோன்றியதே இல்லை. ஊரில் எந்த ஜெராக்ஸ் கடைக்காரரும் எந்த வண்டிக்காரரும் இப்படித்தான்.

எல்லவ்வாவைக் கதக்கில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கையால் தட்டிய சோள ரொட்டி, நாளைக்கு இருநூறு. தோள்பட்டை போய்விட்டதால் ரொட்டி மெஷின் வாங்கக் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டிருந்தார். வங்கி மறுத்துவிட்டது. ஏற்கெனவே ஒரு நிதிக் கம்பெனியில் அறுபதாயிரம் வாங்கி ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்று கணினி சொன்னது. எல்லவ்வா அந்தக் கம்பெனியின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார். விண்ணப்பத்தில் இருந்த போன் நம்பர் அவருடையது இல்லை. அட்டையும் பாஸ்புக் முதல் பக்கமும் அவருடையவை. கையெழுத்து, பாஸ்புக்கைப் பார்த்து யாரோ பழகிப் போட்டது. கிட்டத்தட்ட அவருடையது மாதிரியே இருந்தது. 'செப்டம்பர் இரண்டாம் தேதி நேரில் வந்தார், அசலைச் சரிபார்த்து எங்கள் கிளையிலேயே நகல் எடுத்தோம்' என்று கம்பெனி எழுத்தில் கொடுத்தது.

புகார் கொடுப்பதற்காக அந்தக் காகிதங்களை நகல் எடுக்க எல்லவ்வா வந்த நாள்தான் பிப்ரவரி பதினாறு.

நீலவ்வா தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவர், கவிழ்க்காமல் நின்றார். அட்டை நகலில், வலது ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. நடுவில் ஓர் இடத்தில் கோடு அறுந்து, அரிசி நீளம் விட்டு, மறுபடி தொடர்ந்தது. அந்த இடைவெளியை அவருக்குத் தெரியும். போன ஜூனில், கல்லூரிச் சேர்க்கை நெரிசலில், அவருடைய மெஷினின் டிரம்மில் கீறல் விழுந்தது. ஹூப்ளியிலிருந்து புது டிரம் வரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் ஒவ்வொரு தாளிலும் அந்தக் கோடு விழுந்தது. ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்கினார். மகளின் சேர்க்கைக்காக எல்லவ்வா அந்த வாரத்தில்தான் வந்திருந்தார். அட்டையும் பாஸ்புக் பக்கமும் சேர்த்து எடுத்த முதல் நகல் கோணலாக விழ, நீலவ்வா அதைக் கெட்ட நகல் கட்டில் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தார். இப்போது அவர் கையில் இருந்தது அந்தக் கோணல் நகல்.

"என்னக்கா, முகம் செத்துப் போச்சு?"

"டோனர் நாத்தம்" என்றார் நீலவ்வா. நகல்களை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு நாலு மணி கிர்மிட் அப்படியே ஊறிப்போய்க் கிடந்தது.

வீட்டில் கணவர் சங்கரப்பாவிடம் சொன்னார். பஞ்சு மில்லில் எடை போடுகிறவர். எதையும் எடை போட்டே பேசுவார். "உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா."

"அப்ப வாயை மூடிட்டு இரு. மெஷின் கடனே இன்னும் பதினாலு மாசம் இருக்கு. 'அட்டை குடுத்தா கடன் வாங்கிடுவாங்க'ன்னு பேர் வந்தா உன் கடை முன்னால ஒரு நாய் நிக்காது."

சங்கரப்பா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் தொல்லையாக இருந்தது என்கிறார் நீலவ்வா.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எல்லவ்வா வீட்டு அடுப்புக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எல்லவ்வா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நீலவ்வா சுற்றி வளைக்கவில்லை.

"அந்தக் கம்பெனி காட்டின உன் அட்டை நகல்ல ஒரு கோடு இருக்கு, அது என் மெஷின் போட்டது."

சத்தம் நிற்கவில்லை. தட், தட், தட். ரொட்டியைக் கல்லில் போட்டு, ஈரத்துணியால் ஒத்தி, திருப்பிய பிறகுதான் எல்லவ்வா கேட்டார். "வித்துட்டியா?"

"மாபண்ணாவுக்குக் குடுத்தேன். கிர்மிட் மடிக்க."

"என் அட்டையையா?"

"கோணலா விழுந்ததை."

எல்லவ்வா அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினார். "அப்ப எவனோ ஒருத்தன் என் மூஞ்சி மேல மிளகாய் பஜ்ஜி வச்சுத் தின்னிருக்கான்" என்றார். "தின்னுட்டு அறுபதாயிரம் வேற வாங்கியிருக்கான்." சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகையும் வந்தது. பிறகு கோபம். "எந்திரிச்சுப் போ. ரொட்டி கருகுது."

நீலவ்வா எழுந்து போனார். நேராகக் கடைக்கு வந்து, வழியில் வாங்கிய பக்கெட்டை மேஜைக்கடியில் வைத்தார். அன்று வந்த முதல் ஆளிடம், "எதுக்கு?" என்று கேட்டார்.

மாபுசாப் மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தார். "நான் படிச்சவனா தங்கச்சி? பேப்பர்னா எனக்குப் பேப்பர். ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர் திங்கறாங்க. எவன் எதை மடிச்சுட்டுப் போனான்னு எனக்கென்ன தெரியும்? போலீஸ் வந்தா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"உங்களை யார் கேட்டாங்க? மடிக்கப் பழைய நியூஸ்பேப்பர் வாங்கிக்கோங்க."

"அது கிலோ இருபத்தஞ்சு ரூபாய்!"

"அதனாலதான் இனிமே நான் காசு குடுத்துத் திங்கறேன்."

இப்போது தினமும் முப்பது ரூபாய் கொடுத்துத் தின்கிறார். மாபுசாப் அந்தக் காசை முகம் சுளித்து வாங்கிக்கொண்டு பஜ்ஜி இரண்டாக வைக்கிறார்.

ஒரு வாரம் கழித்து எல்லவ்வா தானாகவே கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "புகாரை விசாரிக்கிறவங்க உன் பேச்சை நம்புவாங்களா?"

நீலவ்வா அலமாரியிலிருந்து பழைய டிரம்மை எடுத்துக் காட்டினார். மெக்கானிக் தூக்கிப் போடச் சொன்னதை, எதையும் தூக்கிப் போடாத புத்தியால் துணி சுற்றி வைத்திருந்தார். புது டிரம் வாங்கிய ரசீதும் இருந்தது: ஜூன் பதினான்கு. பழையதை மறுபடி மாட்டி, கண்ணாடியில் எதையும் வைக்காமல் பொத்தானை அழுத்தினார். வெள்ளைத் தாளில் கோடு மட்டும் வந்தது. மூன்று விரல் தள்ளி, நடுவில் அரிசி நீளம் விட்டு. கம்பெனி நகலைப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லவ்வா இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது.

"செப்டம்பர்ல அவங்க மெஷின்ல எடுத்தாங்களாம்" என்றார் எல்லவ்வா. முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ சொல்லு."

எல்லவ்வாவின் புகாரோடு சேர்க்க, போன சனிக்கிழமை நீலவ்வாவின் வாக்குமூலத்தை எழுதினார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக மனு எழுதும் பசய்யா கடைக்கே வந்து எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துக் காட்டினார். "'...மேற்படி நகல் எவ்விதமோ கைதவறிப் பிறர் வசம் சென்றுவிட்டபடியால்...'"

"கைதவறல" என்றார் நீலவ்வா. "நான் குடுத்தேன்."

"யவ்வா, நான் சொல்றதைக் கேளு. குடுத்தேன்னு எழுதினா கம்பெனி வக்கீல் உன்னைத்தான் பிடிப்பான். கடைக்காரிதான் வித்தா, அவளைப் பிடிங்கன்னு நிப்பான். கைதவறினதுன்னா உனக்கும் சேதம் இல்ல, இவளுக்கும் வேலை நடக்கும்."

எல்லவ்வா தோளை அமுக்கிவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படியோ போச்சுன்னு எழுதினா, எங்க போச்சுன்னு கேட்பான். எல்லவ்வாவே குடுத்திருப்பாள்னு சொல்வான். மறுபடி இவ தலையில வரும்" என்றார் நீலவ்வா. "கெட்ட நகலை ஒரு தட்டு கிர்மிட்டுக்குக் குடுத்தேன். அப்படியே எழுதுங்க."

"யாருக்குன்னு கேட்பானே?"

பக்கத்து வண்டியில் மாபுசாப் எண்ணெயிலிருந்து பஜ்ஜியை எடுக்காமல் ஜல்லிக்கரண்டியோடு நின்றார்.

"வண்டிக்காரருக்கு. பேர் வேண்டாம். அவர் கேட்டு வாங்கல, நான் கட்டிக் குடுத்தேன்."

பசய்யா பெருமூச்சு விட்டு வேறு தாள் எடுத்தார். இரண்டாவது முறை எழுதியது முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. நீலவ்வா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். பசய்யா தாளை மடிக்கப் போனார்.

"இருங்க."

தாளைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்குக் கீழே கடையின் பெயரை எழுதினார். ஸ்ரீ வீரபத்ரேஸ்வரா ஜெராக்ஸ். அதற்குக் கீழே கதவு எண், தெரு, போன் நம்பர்.

"அதையெல்லாம் அவங்க கேட்கலையே" என்றார் பசய்யா.

நீலவ்வா கடைசி எண்ணின் மை காயட்டும் என்று தாளை ஊதிக்கொண்டிருந்தார்.

புகார்மேல் விசாரணை வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, ஹூப்ளியில். ஏழே முக்கால் பஸ்ஸில் இருவரும் போகிறார்கள்.