ஆவாரங்கண்மாயில் மூன்று பாட்டில்

அதிகாலை 3.50. ஆனையூரிலிருந்து அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து மதுரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். பேரையூருக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். என் காலடியில் தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது.

"என்ன பாப்பா, மீனா?" என்றார் நடத்துநர்.

"போகும்போது ஐஸ் அண்ணே. வரும்போது தண்ணி."

"தண்ணிக்கா இம்புட்டுத் தூரம்? மதுரையில தண்ணி இல்லையா?"

"இருக்கு. அதுனாலதான் போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வைகை நீரில் வாழும் நுண்ணுயிர்கள்தான் என் ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை நகரத்துப் பாலங்களுக்கு அடியில் இறங்கி, சாக்கடை கலந்த நீரைப் பாட்டிலில் பிடிக்கிறேன். அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல, கெடாத நீர் ஒன்று பக்கத்தில் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் மட்டுமே வந்து சேரும் ஆவாரங்கண்மாயை அதற்காகத் தேர்ந்தெடுத்திருந்தேன். அங்கே அன்று மீன்பிடித் திருவிழா. ஊரே இறங்கிக் கலக்கிவிட்டால், மீதி நீரும் வெயிலில் வற்றிவிடும். அப்புறம் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். என் ஆய்வேட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

5.25. பேரையூர். ஆட்டோ ஓட்டுநர் செல்வம், ஒன்பது கிலோமீட்டருக்கு, காத்திருப்பும் சேர்த்து, இருநூற்றைம்பது கேட்டார். சாலையின் இரண்டு பக்கமும் பருத்தி பறித்து முடித்த கரிசல் காடு. மேற்கே மலை முதலில் கறுப்பாகத் தெரிந்து, பிறகு நீலமாக மாறிக்கொண்டே வந்தது.

6.00. கண்மாய்க் கரையில் ஏறினேன். கண்ணுக்கு எட்டிய வரை கரை முழுக்க ஆட்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் வலையோடும் ஊத்தாவோடும் வந்திருந்தார்கள். ஊத்தா என்பது மூங்கில் குச்சிகளைக் கூம்பாகக் கட்டிய அடியில்லாத கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல் ஓட்டையில் கைவிட்டுப் பிடிப்பார்கள். அத்தனை பேர் இருந்தும் ஒரு கால்கூட நீரில் இல்லை. ஊர் நாட்டாமை வெள்ளைத் துண்டை வீசும் வரை எவரும் நீரைத் தொடக்கூடாது என்பது வழக்கம்.

நாட்டாமையிடம் முன்தினமே போனில் அனுமதி வாங்கியிருந்தேன். "வாங்க டாக்டரம்மா" என்றார். டாக்டர் ஆக எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சொல்லைத் திருத்த மனம் வரவில்லை.

"மூணு பாட்டிலு எடுத்துக்கங்க. மீனுமேல கை படக்கூடாது. பட்டா இவய்ங்க என்னைய உரிச்சுருவாய்ங்க."

6.20. மடைப்பக்கமாக இறங்கினேன். இரவெல்லாம் அசையாமல் கிடந்த நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. குனிந்தால் என் கால்விரல்கள் தெரிந்தன. மதுரையில் பிறந்த நான் ஆற்றில் என் கால்விரலைப் பார்த்ததே இல்லை. கெண்டைக் குஞ்சுகள் கணுக்காலை உரசிப் போயின. மூச்சைக்கூட மெதுவாக விட்டு, நீருக்கடியில் மூடியைத் திறந்து முதல் பாட்டிலை நிரப்பினேன். இருபது அடி தள்ளி இரண்டாவது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நிரம்பிய பாட்டில்கள் உடனே ஐஸுக்குள் போக வேண்டும். கரையில் பெட்டியோடு நின்ற செல்வம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கத்தினால் கேட்காது. பாட்டில்களைச் சுற்றியிருந்த துணியை எடுத்துத் தலைக்குமேல் வீசினேன்.

அது வெள்ளைத் துணி.

"துண்டு வீசியாச்சுடோய்" என்று எதிர்க்கரையில் ஒரு குரல். அடுத்த நொடி கரை அப்படியே சரிந்து நீருக்குள் விழுந்ததுபோல் இருந்தது. நாட்டாமை தன் தோள்துண்டைப் பார்த்தார். அது தோளிலேயே கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

கையில் மூன்றாவது பாட்டில் காலியாக இருந்தது. மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கு நிற்கும். என் பக்கத்துக் கரையிலிருந்தும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். "ஐயா, இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

முன்வரிசையில் ஊத்தாவோடு வந்த ஒரு அக்காவுக்குக் கேட்டுவிட்டது. சேலையை இழுத்துச் செருகியிருந்த அவர், திரும்பிக் கையை விரித்தார். "ஏய், நில்லுங்கப்பா. புள்ளைக்கு இன்னும் ஒரு பாட்டிலு இருக்காம்."

"மீனு அந்தப் பக்கம் ஓடுதுக்கா. அந்தக் கரைக்காரய்ங்க அள்ளிட்டுப் போயிருவாய்ங்க."

"ஓடட்டும்டா. உன் ஊத்தாவப் பாத்தாலே ஓடத்தான் செய்யும். நில்லு."

கரையிலிருந்து நாட்டாமையும், "மடைப்பக்கம் நில்லு" என்றார். எதிர்க்கரை நிற்கவில்லை. எங்கள் பக்கம் நின்றது. முழங்கால் நீரில், தூக்கிய ஊத்தா தூக்கியபடி, ஒரு நீண்ட வரிசை. விரால் ஒன்று அவர்கள் காலுக்கிடையில் துள்ளி விழுந்தது. ஒருவரும் குனியவில்லை. தூரத்திலிருந்து சேறு பழுப்புப் புகையாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. நான் மடையோரம் இன்னும் தெளிவாக இருந்த நீரில் பாட்டிலை முக்கினேன். குமிழிகள் ஏறி நிற்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவ்வளவு நேரமும் அவர்கள் மீனை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஆச்சாத்தா?" என்றார் அக்கா.

"ஆச்சுக்கா."

அவர் கையை இறக்கினார். வரிசை என்னைக் கடந்து பாய்ந்தது.

10.40. ஆய்வகம். எடுத்த நீரை ஆறு மணி நேரத்துக்குள் சோதனைக்கு வைக்க வேண்டும், வைத்துவிட்டேன். மிஞ்சியதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்ணாடித் தோணிபோல் நகரும் பாசிகள், தலையில் சக்கரம் சுற்றுவதுபோல் நீந்தும் உயிர்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தைக் காலையில் பார்த்துவிட்டு வந்தவள், அதைவிடப் பெரிய கூட்டத்தை ஒரு சொட்டில் பார்த்தேன்.

மறுநாள் காலை. தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமி பெருகி உண்டான கூட்டம். திரும்பும் வழியில் பிடித்த வைகை நீரை வைத்த தட்டில் புள்ளிகளை எண்ணவே முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பிக் கிடந்தன. கண்மாய்த் தட்டுகளில் ஆங்காங்கே சில புள்ளிகள்தான். மாடு குளிக்கிற கண்மாய், அதுகூட இல்லாமல் இருக்காது. முதல் தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாவதை மட்டும் நாலு முறை எண்ணினேன்.

பதிவுத் தாளில் ஒரு கேள்வி உண்டு: மாதிரி எடுக்கும்போது நீர் கலங்கியிருந்ததா? வழக்கமாக ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கிற இடம். மூன்றாவது பாட்டிலுக்கு நேராக எழுதினேன்: "இல்லை. கலங்காமல் நிறுத்திவைத்தார்கள்."